நம் நடுவில் ஒரு தாய்

புதன்கிழமை சாயங்காலம் வந்தாலே ஒல்பிக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிடும். மிளகாயை அள்ளிக் கொட்டிச் சாப்பிடுகிற ஊர், அதனால் வருகிற எரிச்சல் என்று கொஞ்ச நாள் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். அப்புறம் அந்தப் பொய்யும் அலுத்துப்போய் விட்டுவிட்டாள். அது பொறாமை. கலப்படமில்லாத, அசல் பொறாமை.

தோமோஹோன் என்கிற அந்த மலையூரில் அவர்கள் தெருவில் இருக்கிற வீடுகள் எல்லாம் சேர்ந்து சபையில் ஒரு கொலோம், அதாவது ஒரு ஜெபவட்டம். புதன்தோறும் முறை வைத்து ஒரு வீட்டில் கூடுவார்கள். பாட்டு, ஜெபம், அந்த வாரத்து வேதபகுதியை வைத்து மூப்பர் சொல்கிற தியானம், அதற்கப்புறம் வயிறு நிறையச் சாப்பாடு. படுக்கையில் கிடப்பவர்களும் கேட்கட்டும் என்று வாசலில் ஒரு ஒலிபெருக்கி கட்டிவிடுவார்கள். மழையடித்தாலும் காற்றடித்தாலும் தெருக்கோடிப் பன்றிக் கொட்டில் வரைக்கும் வசனம் போய்ச் சேர்ந்துவிடும்.

அந்த மூப்பர் ஒல்பியின் கணவன் நோல்டிதான். தொழில், வோலோவானில் மரவீடு செய்கிற பட்டறையில் தச்சு. நல்ல வேலைக்காரன், பேச்சு மட்டும் வராது. வாய் திறந்தால் ஆணி அடித்த மாதிரி ஒரு வார்த்தை, அப்புறம் மௌனம். அவனைப் போய் மூப்பராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்றால், மற்ற ஆண்கள் எல்லாம் வாக்கெடுப்பு அன்று சாமர்த்தியமாக வெளியூர் போய்விட்டதுதான் காரணம்.

புது மூப்பர்களுக்குச் சபையில் பயிற்சி கொடுத்தார்கள். தியானம் என்றால் மூன்று பாகம் வேண்டும், முதலில் வேதபகுதி, அடுத்து அதன் அர்த்தம், கடைசியில் அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு உதாரணம் என்று போதகர் சொல்லிவிட்டார். நோல்டி தச்சன் அல்லவா, மூன்று என்றால் மூன்று. ஒரு கால் குறைந்தால் முக்காலி நிற்காது. முதல் இரண்டையும் அச்சடித்த புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டான். உதாரணத்துக்கு எங்கே போவது? முதல் வாரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றவன் கண்ணில் ஜூலா பட்டாள்.

ஜூலா நாலு வீடு தள்ளி இருக்கிற விதவை. மரம் ஏற்றிய லாரி மலைச்சரிவில் கவிழ்ந்து புருஷன் போய்விட்டான். மாமியாரோடு இருந்துகொண்டு, ரோட்டோரத்தில் சாமந்தியும் லில்லியும் விற்கிறாள். வயசு முப்பதைத் தாண்டி கொஞ்சம்தான். சிரித்தால் கன்னத்தில் குழி விழும், அந்தக் குழியைப் பற்றி ஒல்பிக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது, அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கு வேதபகுதி, ஒழுங்கான தராசைப் பற்றியது. நோல்டி தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொன்னான்: "நம்ம நடுவுல ஒரு தாய் இருக்காங்க. பேரு சொல்ல வேணாம். பூ வாங்கினவங்க தவறி அதிகமா விட்டுட்டுப் போன காசை, பின்னாடியே ஓடிப்போய், பஸ்ஸை நிறுத்திக் குடுத்தாங்க."

பேர் சொல்ல வேண்டாமாம். தெருவில் பூ விற்கிறது ஒரே ஒருத்தி. வயசான பெண்கள் எல்லாம் திரும்பி ஜூலாவைப் பார்த்தார்கள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜூலாவின் மாமியார் பட்டத்து ராணி போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். நோல்டிக்கோ, தலையிலிருந்து ஒரு உத்தரம் இறங்கினது போல் இருந்தது. அவ்வளவுதான், ஒரு தடவை பழம் விழுந்த மரத்தை அவன் விடவில்லை. மன்னிப்பைப் பற்றி வேதபகுதி வந்தால் ஜூலா. பொறுமை என்றால் ஜூலா. நோயாளிகளை விசாரிப்பது என்றாலும் ஜூலாதான். வாரம் தவறாமல் "நம்ம நடுவுல ஒரு தாய்" என்று ஆரம்பிப்பான். தெருக்கோடிப் பன்றிக்குக்கூட அது யார் என்று தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் ஒல்பி எங்கே உட்கார்ந்து கேட்டாள்? முன் வரிசையில். மூப்பர் மனைவிக்கு அங்கேதான் நாற்காலி. கையில் பாட்டுப்புத்தகம், முகத்தில் புன்னகை, உள்ளே அடுப்பு.

முதலில் அவள் ஒரு வழி யோசித்தாள். உதாரணம்தானே வேண்டும், நானே உதாரணமாகிக் காட்டுகிறேன் என்று இறங்கினாள். பக்கவாதம் வந்து படுத்திருந்த பெரியவருக்குக் கீரைக்கஞ்சி காய்ச்சிக்கொண்டு போனாள். நோல்டி பட்டறையில் இருந்தான். ஊருக்கு ஊர் ஆள் ஏற்றிப் போகிற நெரிசலான நீல வண்டியில் கர்ப்பிணிக்கு இடம் விட்டாள். நோல்டி பக்கத்திலேயே இருந்தும், ஜன்னல் வழியே யாரோ அடுக்கி வைத்திருந்த மரப்பலகையைப் பார்த்துக்கொண்டு வந்தான். வேலியைத் தாண்டித் தன் தோட்டத்தைக் கிளறிய பன்றிக்காக, தெருவே தாந்தா, அதாவது அத்தை, என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு மீஸ்கேயை மனசார மன்னித்தாள். அந்த மன்னிப்பை நோல்டி இருக்கும்போது கொஞ்சம் உரக்கவே மன்னித்தாள்.

"சரி தாந்தா மீஸ்கே, போனது போகட்டும், நான் மன்னிச்சிட்டேன்!"

"அது என் பன்னியே இல்லடி," என்றாள் மீஸ்கே வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து. "உன் பன்னிதான் கயித்தை அறுத்துக்கிட்டு சுத்துது. போய்க் கட்டு."

நோல்டி சிரித்துவிட்டுக் காப்பியைக் குடித்தான். அந்த வாரத் தியானத்திலும் ஜூலாதான்.

ஒருநாள் சாப்பாட்டு மேஜையில் ஒல்பி நேராகவே கேட்டாள்.

"ஏன் பா, இந்தத் தெருவுல நல்ல பொம்பளைன்னா ஒருத்திதானா?"

"யாரு?"

"யாரா? வாராவாரம் ஒலிபெருக்கியில கூவுறியே, அவதான்."

நோல்டி மீன் முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான். "உதாரணத்துக்கு ஒரு ஆளு வேணுமில்ல, ஒல்பி."

"நான் ஆளு இல்லையா?"

"நீ வீட்டு ஆளு."

"வீட்டு ஆளுக்கிட்ட நல்லது எதுவும் இருக்காதா? சரி, கூட்டத்துல சொல்ல வேணாம். இப்ப சொல்லு. இங்க யாருமில்ல. என்னைப் பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்லு, பார்க்கலாம்."

நோல்டி யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் கொடுமை. கூரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், கடைசியில் தட்டைப் பார்த்தான்.

"மிளகாய்த் துவையல் நல்லா அரைப்ப," என்றான்.

ஒல்பி எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவின பாத்திரத்தையே மறுபடியும் கழுவினாள். இத்தனை வருஷம் இவனோடு ஒரே கூரைக்குக் கீழே இருந்து, இவன் அப்பாவுக்குப் பீ மூத்திரம் அள்ளி, இவன் பிள்ளைகளைப் படிக்க மனாடோவுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், கடைசியில் துவையல்! அவள் பூ விற்றால் அது புண்ணியம், நான் அரைத்தால் அது துவையல். அழுகை வந்தது. அழுதால் முகம் வீங்கும், நாளைக்கு ஜூலாவைச் சந்தையில் பார்க்க வேண்டிவரும் என்று அதையும் அடக்கிக்கொண்டாள்.

இப்படி இருக்கும்போதுதான் ஒல்பிக்கு அந்த வியாழக்கிழமை கிடைத்தது.

தொண்டானோ ஏரிக்கரையில் அவளுடைய தங்கை வீடு. பார்த்துவிட்டுத் திரும்பும்போது கரையோரத்தில் மீன் சுடுகிற கடைப்பக்கம் வந்தாள். அங்கே ஒரு பைக் நின்றது. பைக்குக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஜூலா. அவளுக்கு எதிரே லங்கோவான் ஊர்க்காரன் ஸ்டென்லி, நீல வண்டி ஓட்டுகிறவன், இன்னும் கல்யாணமாகாதவன். அவன் மீனைப் பிட்டு அவள் தட்டில் வைக்கிறான். அவள் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாள். கன்னத்தில் அந்தக் குழி.

ஒல்பி கடைக்குப் பின்னால், வாழை மரத்துக்குப் பக்கத்தில் ஒதுங்கிக்கொண்டாள். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். மூப்பர் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிற உத்தமி, ஏரிக்கரையில் எவனோ ஊட்டுகிற மீனைத் தின்கிறாள்! பைக் கிளம்பியது. ஜூலா அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாள். ஒல்பி வீடு வந்து சேர்ந்த வழி முழுக்க மனசுக்குள் பாட்டுதான்.

வந்த வேகத்தில் நோல்டியிடம் போட்டு உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. ஏனென்றால் அடுத்த புதன் அவர்கள் வீட்டு முறை. கூட்டத்துக்கான வேதபகுதியும் வந்துவிட்டது. தேவாலயத்தை விட்டு நீங்காமல் இரவும் பகலும் ஜெபித்துக்கொண்டிருந்த விதவை அன்னாளைப் பற்றின பகுதி. இதற்கு நோல்டி யாரை உதாரணம் சொல்வான் என்று கேட்கவும் வேண்டுமா? ஒரு வழக்கம் இருக்கிறது. தியானமும் காணிக்கையும் முடிந்ததும், எந்த வீட்டில் கூட்டமோ அந்த வீட்டுக்காரர் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை நன்றி சொல்ல வேண்டும். நோல்டி மூப்பர் என்பதால் அவர்கள் வீட்டில் அந்தப் பேச்சு ஒல்பிக்கு. அவன் அன்னாளை உச்சியில் ஏற்றட்டும், நான் ஏணியை எடுக்கிறேன் என்று அவள் தீர்மானித்தாள்.

பன்றிக்குத் தீனி வைக்கும்போது ஒத்திகை பார்த்தாள். "போன வியாழக்கிழமை நான் ஏரிக்கரைக்குப் போயிருந்தேன், சகோதர சகோதரிகளே…" பன்றிகள் மிகவும் கவனமாகக் கேட்டன.

புதன்கிழமை மத்தியானம் ஜூலாவே சமையலறை வாசலில் வந்து நின்றாள். கூட்டம் நடக்கிற வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் கைகொடுக்க வருவது வழக்கம்தான். ஆனால் மற்றவர்கள் வருவதற்கு முன்னாடியே வந்திருந்தாள், அதுவும் கை நிறைய வெள்ளைச் சாமந்தியோடு.

"மேஜைக்கு வெச்சுக்கங்க, அக்கா. என்ன செய்யட்டும்?"

"மூங்கில்ல அரிசி ரொப்பு," என்றாள் ஒல்பி. சாமந்தியை வாங்கி வாளியில் போட்டாள். நல்ல பூக்கள். அதுவும் எரிந்தது.

ஜூலா வாழையிலையைச் சுருட்டி மூங்கிலுக்குள் விட்டு, தேங்காய்ப்பாலில் ஊறின அரிசியைக் கை கையாகப் போட்டாள். பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அக்கா, இன்னைக்கு வேதபகுதி அன்னாள்தானே?"

"ஆமா. ஏன், சந்தோஷமா இருக்குமே உனக்கு."

"எப்படியாவது மூப்பர் என்னைப் பத்திப் பேசாம நீங்க நிறுத்தணும்."

ஒல்பிக்குக் கையில் இருந்த மிளகாய் கீழே விழுந்தது. "என்னது?"

"என்னால முடியல அக்கா. சத்தியமா முடியல. கள்ளுக் கடைப்பக்கம் போனா 'ஐயோ, மூப்பர் சொன்ன தாயா இப்படி'ங்கறாங்க. கடை வாடகை கேட்டு வர்றவன்கிட்ட ரெண்டு வார்த்தை சூடா பேச முடியல. சந்தையில எவளோ என் பூவை மிதிச்சிட்டுப் போறா, நான் சிரிக்கணும். ஏன்னா போன மாசம் நான் மன்னிப்புக்கு உதாரணம். பாவம்னு ஒண்ணு பண்ணலாம்னா அதுக்கும் இடமில்ல."

"பெருமைதானே அதெல்லாம்?"

"பெருமை என் மாமியாருக்கு. எல்லாத் தியானத்தையும் போன்ல பதிஞ்சு வெச்சிருக்கு கிழவி. காலையில எழுந்ததும் போட்டுக் கேக்குது." ஜூலா மூங்கிலைத் தரையில் தட்டி அரிசியை இறக்கினாள். குரல் தாழ்ந்தது. "ஒருத்தர் என்னைக் கேக்குறாரு, அக்கா. நல்ல மனுஷன். அவங்க வீட்டுலருந்து பொண்ணு கேட்டு வரப்போறாங்க. இன்னைக்கு மூப்பர் என்னை அன்னாள்னு தெரு பூரா சொல்லிட்டா, அப்புறம் நான் எந்த முகத்தோட கல்யாணம் பண்ணிக்குவேன்? கிழவி இப்பவே சொல்லுது, 'சபையே உன்னை அன்னாளாத்தான் பாக்குது, அதைக் கெடுத்துடாத'ன்னு."

ஒல்பி மிளகாயை எடுத்து ஊதினாள். அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வந்தது இன்னும் பெரிய பொறாமை. எதற்காகத் தான் கர்ப்பிணிக்கு இடம் விட்டு, இல்லாத பன்றிக் குற்றத்தை மன்னித்து, நாய் போல அலைந்தாளோ, அதை இவள் வேண்டாம் என்கிறாள். அழுகிப்போன தக்காளியைத் தள்ளி வைக்கிற மாதிரித் தள்ளி வைக்கிறாள். ஒரு ஆள் போதாதென்று இவளுக்கு இரண்டு ஆண்கள். ஒருவன் மீனைப் பிட்டு வைக்க, இன்னொருவன் புகழ் பாட.

"நீயே போய்ச் சொல்லேன் அவர்கிட்ட," என்றாள்.

"மூப்பர்கிட்டயா? 'என்னைப் புகழாதீங்க'ன்னு போய்ச் சொன்னா, அடுத்த வாரம் தாழ்மைக்கு நான்தான் உதாரணம்."

அது உண்மை என்பது ஒல்பிக்கே தெரிந்தது. சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை ஜூலா சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

"சொல்லுவீங்கல்ல அக்கா?"

"பார்க்கலாம்," என்றாள் ஒல்பி.

நோல்டி வந்தான், குளித்தான், கறுப்புக் கோட்டு போட்டான், பழக்கத்தில் பட்டறைப் பென்சிலையும் காதில் செருகிக்கொண்டான். ஒல்பி அவன் காலரை இழுத்துச் சரிசெய்தாள். சொல்வதற்கு அதுதான் சமயம். அவன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு, "நம்ம நடுவுல ஒரு தாய்," என்று முணுமுணுத்துப் பார்த்தான். ஒல்பி காலரை விட்டுவிட்டு வெளியே போனாள்.

சாயங்காலம் வீடு நிறைந்தது. லோக்கோன் மலையிலிருந்து குளிர் இறங்கிக்கொண்டிருந்தது, எல்லாரும் நெருக்கி உட்கார்ந்தார்கள். மீஸ்கே சாப்பாட்டு மேஜைக்கு மிக அருகில் இடம்பிடித்தாள். ஜூலா கடைசி வரிசையில், மாமியாருக்குப் பக்கத்தில்.

நோல்டி அன்று நன்றாகவே பேசினான், பாவம். அன்னாள் ஏழு வருஷம் மட்டுமே புருஷனோடு வாழ்ந்தாள், துக்கத்தில் முடங்கவில்லை, காத்திருந்தாள், காத்திருந்தவளுக்குக் குழந்தை இயேசுவைப் பார்க்கிற பாக்கியம் கிடைத்தது. நமக்கும் காத்திருக்கத் தெரிய வேண்டும், நாம் கேட்டது இன்றைக்கே வேண்டும் என்று கர்த்தரைப் பிடுங்கக் கூடாது. அதுவரைக்கும் சரி. பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"நம்ம நடுவுலயும் ஒரு தாய் இருக்காங்க. அன்னாள் மாதிரியே. வேற வாழ்க்கைய அவங்க மனசுலகூட நினைச்சதில்ல. கர்த்தர் போதும்னு இருக்காங்க."

தலைகள் திரும்பின. மாமியாருடைய கை ஜூலாவின் முழங்கால் மேல் வந்து உட்கார்ந்தது. ஜூலா குனிந்தே இருந்தாள். காணிக்கைப் பை சுற்றி வந்தது. பாட்டு முடிந்தது. மைக் ஒல்பியின் கைக்கு வந்தது.

"எல்லாரும் எங்க வீட்டுக்கு வந்ததுக்கு நன்றி," என்றாள். அவள் குரலே வாசல் ஒலிபெருக்கியிலிருந்து திரும்பி வந்து அவளைப் பயமுறுத்தியது. "மூப்பர் இன்னைக்கு ஒரு உதாரணம் சொன்னாரு. நானும் ஒண்ணு சொல்லணும். போன வியாழக்கிழமை நான் ஏரிக்கரைக்குப் போயிருந்தேன். அங்க மீன் சுடுற கடைகிட்ட ஒருத்தரைப் பார்த்தேன்."

கடைசி வரிசையில் ஜூலாவின் முகம் நிமிர்ந்தது. சுண்ணாம்பு போல வெளுத்திருந்தது. அவள் கெஞ்சவில்லை, தலையாட்டவில்லை. அடி எங்கே விழும் என்று பார்க்கிறவள் மாதிரிப் பார்த்தாள்.

ஒல்பி அதைப் பார்த்தும் நிறுத்தியிருக்க மாட்டாள். ஆனால் அவள் கண் பக்கத்தில் நின்ற புருஷன் மேல் போனது. நோல்டி காதிலிருந்து பென்சிலை எடுத்துவிட்டான். பாட்டுத்தாளைத் திருப்பிக் கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் முன்னால் சாய்ந்து, ஆசையாகக் காத்திருந்தான். இன்னொரு உதாரணம் கிடைக்கப்போகிறது, அடுத்த வாரத்துக்கு ஆகும் என்று!

அந்தப் பென்சிலைப் பார்த்ததும் ஒல்பிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. இத்தனை மாதம் யார் மேல் கோபப்பட்டோம் என்று அப்போதுதான் சரியாகத் தெரிந்தது. அந்தப் பெண் என்ன செய்தாள்? பூ விற்றாள். கண்ணை வேறு பக்கம் வைத்திருந்தது இவன்.

"யாரைப் பார்த்தேன்னு கேக்குறீங்களா?" என்றாள். "என்னைத்தான். வாழை மரத்துக்குப் பின்னாடி திருடி மாதிரி ஒளிஞ்சு நின்னேன். அடுத்தவ சிரிக்கிறதைப் பார்த்து, அவ எப்ப விழுவான்னு காத்துக்கிட்டு நின்னேன். எதுக்கு? பொறாமை. ஜூலா மேல பொறாமை. எழுதிக்கோ மூப்பரே, பென்சில் இருக்குல்ல! பொறாமைன்னு வேதபகுதி வந்தா, நம்ம நடுவுல ஒரு தாய், அவ உன் வீட்டுலதான் இருக்கா. பேரும் சொல்லிடு. ஒல்பி!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நோல்டி பென்சிலைப் பிடித்தபடியே நின்றான்.

"அப்புறம் இன்னொண்ணு. அன்னாள் தானா இஷ்டப்பட்டுத்தான் கோவில்ல இருந்தா. யாரும் அவ வாசல்ல ஒலிபெருக்கி கட்டி, நீ இப்படித்தான் இருக்கணும்னு கத்தல. ஜூலாவை விட்டுடு. அவ என்ன நினைக்கிறாள்னு அவளைக் கேட்டியா? என்னையே கேட்டதில்ல, அவளை எங்க கேக்கப்போற!"

"ஆமென்," என்றாள் மீஸ்கே, எங்கே சொல்ல வேண்டும் என்று தெரியாமல்.

கடைசி வரிசையில் நாற்காலி நகர்ந்தது. ஜூலா எழுந்து நின்றாள். அவள் கையில் மைக் இல்லை, தேவைப்படவும் இல்லை.

"நான் நினைச்சேன்," என்றாள். "வேற வாழ்க்கைய நான் நினைச்சேன் மூப்பரே. நல்லாவே நினைச்சேன். அன்னாளுக்கு ஏழு வருஷம் கிடைச்சுது. எனக்கு மூணுதான். மிச்சத்தை வாழப்போறேன். லங்கோவான்ல இருந்து வராங்க."

"யாரு?" என்று கேட்டாள் மாமியார்.

"வரும்போது பாருங்க," என்று சொல்லி ஜூலா உட்கார்ந்தாள். மாமியாரின் கை முழங்காலிலிருந்து விலகியது. கொஞ்ச நேரம் காற்றில் நின்று, எங்கே போவது என்று தெரியாமல் தன் மடிக்கே திரும்பியது.

அறையில் ஒரே கசமுச. ஒல்பி சொன்னதெல்லாம் தெருக்கோடி வரை கேட்டிருக்கும். நாளைக்குச் சந்தையில் மீன்காரி முதல் மிளகாய்க்காரி வரைக்கும் "பொறாமைக்காரி" என்று கூப்பிடுவார்கள். கூப்பிடட்டும். அவள் மைக்கை நோல்டியின் கோட்டு மேல் கொண்டுபோய் இடித்தாள். அவன் அதை வாங்கிக்கொண்டான். இனி முடிவு ஜெபம். கூட்டம் நடந்த வீட்டுக் குடும்பத்துக்காக மூப்பர் ஜெபிக்க வேண்டும், அது முறை. எத்தனையோ வீடுகளில் அவன் மனப்பாடமாகச் சொன்ன ஜெபம்தான்.

"ஜெபிப்போம்," என்றான்.

கண்கள் மூடின.

"கர்த்தாவே, இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும். இந்த வீட்டுத் தலைவனை…" அது தானே என்று ஞாபகம் வந்ததோ என்னவோ, நின்றுவிட்டான். வெளியே ஒலிபெருக்கி கரகரத்தது. ஒருத்தர் இருமினார். ஒல்பி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, துவையல் என்று மட்டும் சொல்லிவிடாதே, சொன்னால் இங்கேயே கொன்றுவிடுவேன் என்று தன் பங்குக்கு ஜெபித்தாள்.

"கர்த்தாவே," என்றான் மறுபடியும். மனப்பாடக் குரல் இல்லை இது. பட்டறையில் மரத்தோடு பேசுகிற குரல். "என் அப்பா படுக்கையில கிடந்தப்போ அவருக்கு ஞாபகம் போயிடுச்சு. செத்துப்போன எங்க அம்மா பேரைச் சொல்லி ஒல்பியைக் கூப்பிடுவாரு. ராத்திரி பகல் கூப்பிடுவாரு. 'நான் அவ இல்ல'ன்னு இவ ஒரு தடவைகூடச் சொல்லல. 'இதோ வந்துட்டேன்'னு போவா. கடைசி வரைக்கும் அந்தப் பேருக்கே போனா. நான் வெளிய ரம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். ஒரு நாளும் உள்ள போகல. ஒரு நாளும் இவகிட்ட எதுவும் சொல்லல. அது உமக்கும் எனக்கும் தெரியும், கர்த்தாவே."

ஒல்பி கண்ணைத் திறந்துவிட்டாள். அவன் கண் மூடியிருந்தது. மூக்கு நுனி சிவந்திருந்தது. இவ்வளவு நாள் இதை எங்கே வைத்திருந்தான் இந்த மனுஷன்? கூரையில் தேடினானே, சுவரில் தேடினானே!

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். யாருமே ஜெபிக்கிற முகமாக இல்லை. கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் அகலத் திறந்து வைத்திருந்தார்கள். ஒருத்தி கைக்குட்டையை எடுத்தாள். ஜூலா மூடின கண்ணோடு அழுதுகொண்டிருந்தாள். ஜூலாவின் மாமியார் போனை நீட்டிப் பிடித்திருந்தாள், பதிவாகிக்கொண்டிருந்தது.

"அப்புறம் கர்த்தாவே," என்றான் நோல்டி. குரல் இன்னும் இளகியது. "கல்யாணமான புதுசுல, ஒரு நாள் நல்ல மழை. நானும் இவளும்…"

மீஸ்கே நாற்காலியோடு முன்னால் நகர்ந்தாள். வாசலில் ஒலிபெருக்கிக்குக் கீழே ஒதுங்கியிருந்த யாரோ "ஷ்ஷ்" என்று பக்கத்தில் இருப்பவனை அடக்கினார்கள்.

ஒல்பிக்கு வயிறு எரிந்தது. ஜூலா மேல் பட்ட பொறாமையெல்லாம் ஒன்றுமேயில்லை இதற்கு முன்னால். இத்தனை வருஷம் காத்திருந்து கிடைத்ததை, தான் தனியாக ஒருமுறை கேட்பதற்குள் தெருவே கேட்டுக்கொண்டிருக்கிறது.

"ஆமென்!" என்றாள் உரக்க.

பழக்கம் பாருங்கள், அத்தனை பேரும் கூடவே "ஆமென்" என்றார்கள். சொன்ன வாய் மூடுவதற்குள் பாதிப்பேர் எழுந்து சாப்பாட்டு மேஜைக்கு நடந்துவிட்டார்கள். மீஸ்கே மட்டும் ஏமாந்த முகத்தோடு, தட்டை எடுக்கவும் மறந்து, மூப்பரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோல்டி கண்ணைத் திறந்தான். தூக்கத்தில் எழுப்பினவன் மாதிரி விழித்தான்.

"நான் இன்னும் முடிக்கலையே ஒல்பி."

அவள் அவன் கையிலிருந்த மைக்கை வாங்கி அணைத்தாள். அவன் கோட்டுக் காலரைப் பிடித்து, காது தன் வாய்க்கு எட்டுகிற வரைக்கும் இழுத்தாள்.

"தெரியும்," என்றாள். "மிச்சம் இவங்களுக்கு இல்ல. எல்லாரும் போகட்டும், எனக்குச் சொல்லு."